கார் மேட் ஈரமா இருக்கா? ஓட்டையைத் தேடாதீங்க... அடைப்பைத் தேடுங்க!

ராத்திரி பூரா மழை. காலையில் ஆபீஸ் கிளம்ப காரில் கால் வைத்தால், 'சளக்'னு ஒரு சத்தம். மேட்டைத் தூக்கினால் கார்பெட் முழுக்கத் தண்ணீர். கண்ணாடி ஏற்றித்தான் இருக்கு, கதவும் பூட்டித்தான் இருக்கு... அப்புறம் எப்படி? 'எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு, சிலிக்கான் வெச்சு அடைச்சிடலாம்' என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. பல கார்களில் பிரச்னை ஓட்டை இல்லை. தண்ணீர் வெளியே போற வழி அடைத்துக்கொண்டிருப்பதுதான்.

கார் ஒண்ணும் தண்ணீரே புகாத டப்பா இல்லை. சன்ரூஃப் ரப்பரைத் தாண்டி கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் அதை வடிவமைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் சுற்றியிருக்கும் பள்ளத்தில் விழுந்து, மூலைகளில் உள்ள துளைகள் வழியாக மெல்லிய டியூபில் இறங்கி, தூண்களுக்குள்ளேயே ஓடி காருக்கு அடியில் கொட்டிவிடும். கதவும் அப்படித்தான். கண்ணாடியை ஒட்டி உள்ளே வழியும் தண்ணீர், கதவின் அடி விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியேறும். வைப்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்கு இல்லையா, அதற்கு அடியிலும் இதே மாதிரி வடிகால் உண்டு.

இதில் சிலிக்கானை அப்பினால், வெளியே போக வேண்டிய தண்ணீரையும் சேர்த்துச் சிறை வைத்த மாதிரி!

வேப்ப மர நிழலும் காரணம்தான்

வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் நிறுத்துகிறோம். வேம்பு, புளி, குல்மொஹர்... எல்லாமே பொடி இலை. வைப்பர் இடுக்கில் விழுந்து, தூசியோடு சேர்ந்து ஊறி, களிமண் மாதிரி துளையில் உட்கார்ந்துவிடும். வெயில் காலத்தில் எதுவும் தெரியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்ததும்தான் வேலையைக் காட்டும்.

'காய்ந்தா சரியாயிடும்'னு விட்டுடாதீங்க. கார்பெட்டுக்குக் கீழே இருக்கும் நுரை, ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் தகடு துருப்பிடிக்கும், பூஞ்சை வாடை வரும், காலையில் கண்ணாடி உள்பக்கம் பனி படியும். சீட்டுக்குக் கீழே ஓடும் ஒயரிங் கனெக்டர்களில் பச்சை பிடித்தால் செலவு எங்கேயோ போய்விடும். காரை விற்கும்போது இன்னொரு தலைவலி. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, பழைய கார் வாங்குபவர்கள் முதலில் கார்பெட்டைத்தான் தூக்கிப் பார்க்கிறார்கள். 'இது வெள்ளத்துல மூழ்கின வண்டி இல்லைங்க'ன்னு நீங்க சத்தியம் பண்ணாலும், அந்த வாடைக்கு முன்னால் எடுபடாது.

எந்த வழி அடைச்சிருக்கு?

மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு முன்சீட்டுப் பக்கம் ஈரமானால், அது மழைத் தண்ணீர் இல்லை, ஏசி தண்ணீர். புழுக்கமான நாளில் ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டுச் சொட்டா விழணும். விழவில்லை என்றால் அதன் டியூபில்தான் அடைப்பு. தண்ணீர் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட். நேராக மெக்கானிக்கிடம் போங்க. கதவைத் திறந்து மூடும்போது உள்ளே 'களக் களக்'னு கேட்டால் கதவுத் துளை. ரூஃப் துணியில் கறை, தூண் ஓரமாக ஈரம் என்றால் சன்ரூஃப்.

சன்ரூஃபைச் சோதிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். திறந்துவிட்டு, மூலையில் இருக்கும் துளை பக்கம் மெதுவா ஊற்றுங்க. அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அருகில் சில விநாடிகளில் தண்ணீர் கொட்டினால் வழி சரி. பள்ளத்திலேயே தேங்கினால் அடைப்பு.

சுத்தம் பண்ண, புல்வெட்டும் மெஷினில் போடுற நைலான் கயிறு அல்லது தடிமனான தூண்டில் நரம்பு போதும். முனையை நெருப்பில் லேசாகக் காட்டி மழுங்க வைத்து, மெல்ல உள்ளே விட்டு எடுங்க. இரும்புக் கம்பி வேண்டாம், டியூபைக் கிழிச்சிடும். வாட்டர் வாஷ் கடையில் 'காத்து அடிச்சு விடுறேன் சார்'னு சொன்னாலும் தலையாட்டாதீங்க. அழுத்தத்தில் டியூப் இணைப்பு உள்ளேயே கழன்றால், அப்புறம் ரூஃப் துணியையே இறக்க வேண்டியிருக்கும். தூண்களுக்குள் ஏர்பேக் இருக்கலாம் என்பதால், அந்த பிளாஸ்டிக் மூடிகளை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். வைப்பர் தட்டில் கிடக்கும் இலைகளைக் கையாலேயே அள்ளலாம். கதவுத் துளைக்கு ஒரு பல் குத்தும் குச்சி போதும். அண்டர்பாடி கோட்டிங் போட்ட கார் என்றால், அந்தக் கோட்டிங்கே துளைகளை மூடியிருக்கான்னு ஒருமுறை பாருங்க.

வழி திறந்த பிறகுதான் காயவைக்கிற வேலை. மேட்டை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் வேக்குவமை வைத்து இழுங்க. இல்லையென்றால் பழைய பருத்தித் துணியை அழுத்தி அழுத்திப் பிழிங்க. வெயிலில் நான்கு கதவையும் திறந்து போடுங்க, முடிந்தால் ஒரு ஃபேனையும் வைங்க. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற கனெக்டர்கள் ஏர்பேக்குக்கானவை, அவற்றைத் தொட வேண்டாம். சாயங்காலம் கார்பெட் ஓரத்தைத் தூக்கி, கீழே நுரையில் விரலை அழுத்திப் பாருங்க. ஈரம் ஒட்டினால், மேட்டைப் போடாமல் நாளைக்கும் வெயிலில் விடுங்க.