வெண்கட்டியும் மின்பலகையும்

கல்வி புகட்டுங் கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைகள் பின்னர் ஏட்டிலும் சிலேட்டிலும் எழுதினர். வகுப்பு முழுவதும் ஒருங்கே நோக்கத்தக்க கரும்பலகை பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பள்ளிகளிற் பரவியது. அவ்வரிசையில் வந்ததே ஊடாடு வெண்பலகை. பலரும் வழங்கும் 'ஸ்மார்ட் போர்ட்' என்னும் பெயர், கனடா நாட்டு நிறுவனமொன்று 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட பலகையின் வணிகப் பெயராகும். தாம் கற்ற கல்லூரிக்கு யாது உதவலாமெனப் பழைய மாணவர் எண்ணும்போது இப்பலகை நினைவுக்கு வருதல் இயல்பே. ஆதலின் அதன் அமைப்பையும் பயனையும் எல்லையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இப்பலகை தனித்து இயங்குவதன்று. கணினித் திரையிலுள்ளதை ஒளியெறிகருவி பலகைமேல் வீழ்த்தும். பலகையோ தன்மேல் விரல் பட்ட இடத்தைக் கணினிக்கு அறிவிக்கும். ஒருவகைப் பலகையில் மெல்லிய இரு படலங்கள் சிறு இடைவெளியுடன் அமைந்திருக்கும். அழுத்துமிடத்தில் அவை ஒன்றையொன்று தொட, மின்னழுத்தத்தின் அளவால் இடம் புலனாகும். வேறொரு வகையிற் பின்புறக் கம்பிவலை தனக்குரிய எழுதுகோலை உணரும். மற்றொன்றிற் சட்டத்தினின்று பாயுஞ் செந்நிறக்கீழ்க் கதிர்களை விரல் மறிக்கும். எறிகருவி சற்றே அசையினும் தொடுமிடம் ஒன்றும் கோடு தோன்றுமிடம் வேறொன்றுமாகும். அப்போது திரையிற் காட்டுங் குறிகளை முறையே தொட்டுச் சரிசெய்தல் வேண்டும். எறிகருவி வேண்டாத பெருந் தொடுதிரைகள் இன்று இவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன.

இனிப் பயனை நோக்குவோம். அரைவட்டத்திலுள்ள கோணம் செங்கோணம் என்பது கேத்திரகணிதத் தேற்றம். கரும்பலகையில் ஆசிரியர் வரையும் படம் ஒன்றே. அவ்வுண்மை அப்படத்திற்கு மாத்திரம் உரியதென மாணவன் மயங்குதலுமுண்டு. மின்பலகையிலோ மாணவனே எழுந்து வந்து, பரிதியிலுள்ள புள்ளியை விரலால் நகர்த்தலாம். முக்கோணத்தின் வடிவம் கணந்தோறும் மாறும். கோணமோ 90 பாகையாகவே நிற்கும். "ஏன் மாறவில்லை?" என்னும் வினா வகுப்பில் எழுமாயின் பலகை தன் பணியைச் செய்துவிட்டது. ஆயினும் காட்சி நிறுவலாகாது. மையத்தையும் அப்புள்ளியையும் இணைத்து, தோன்றும் இரு இருசமபக்க முக்கோணங்களைக் கொண்டு, மாணவன் தன் கொப்பியிலே தானே நிறுவி எழுதுதல் வேண்டும். கண்டு வியந்தவனெல்லாங் கற்றவனாகான்.

இலண்டன் மாநகரின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. அங்கு 2003-04ஆம் ஆண்டளவில் அரசின் நிதியுதவியால் இடைநிலைப் பள்ளிகளுக்கு இப்பலகைகள் பெருவாரியாக வழங்கப்பட்டன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனம் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, பயன்படுத்திய முதலாண்டில் மாணவரின் பெறுபேற்றிற் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை என்றது. மாணவர் ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து செல்வதனாற் சில வகுப்புகளிற் பாடம் மெதுவானதென்றும் கண்டது. பலகையினும் அதனைக் கையாளும் ஆசிரியரே முதன்மையானவர் என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே பலகை வழங்க முன்வரும் அன்பர்கள், ஆசிரியரின் பயிற்சிக்கும், பாடம் ஆயத்தஞ் செய்யும் நேரத்திற்கும், பழுதுபார்க்குஞ் செலவிற்கும் உடன் வழிவகுப்பாராக. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை நாம் மறந்திலம். மின்னொளி அணைந்தவேளையிலும் வெண்கட்டியை எடுத்துப் பாடத்தைத் தொடரவல்ல ஆசிரியரே கல்லூரியின் நிலையான செல்வமாவர்.