இரைப்பையைக் குறைத்த பிறகும் வரும் பசி

சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாவது மாதம் ஆடிப்பிறப்பு வந்தது. அம்மா பனங்கட்டி போட்டுக் கூழ் காய்ச்சியிருந்தார். "ஒரு பேணிதானே, குடி பிள்ளை" என்றார். குடித்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நெஞ்சு படபடத்தது, உடம்பு முழுக்க வியர்த்தது, வயிறு முறுக்கியது. விறாந்தையில் அப்படியே சரிந்து படுத்துவிட்டேன். மாரடைப்பு என்று நினைத்து அம்மா ஓட்டோ பிடிக்க ஆள் அனுப்பிவிட்டார்.

அது மாரடைப்பு அல்ல. 'டம்பிங்' என்று வைத்தியர்கள் சொல்லும் நிலை. இரைப்பை சிறிதாக்கப்பட்டவர் இனிப்பைக் குடித்தால் அது தங்கிச் சமிக்காமல் வேகமாகச் சிறுகுடலுக்குள் கொட்டுகிறது. அங்கே சீனியின் செறிவைக் குறைக்க உடம்பிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. அதனால்தான் படபடப்பும் வியர்வையும். இதற்கு இன்னொரு பகுதியும் உண்டு. ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள், அளவுக்கு மிஞ்சிச் சுரந்த இன்சுலினால் இரத்தச் சீனி சடாரென இறங்கும். கை நடுங்கும், கண் இருட்டும், கூடவே அகோரப் பசி எடுக்கும். அந்தப் பசிக்கு மறுபடியும் இனிப்பைத்தான் கை தேடும். நானும் அன்று பின்னேரம் ஒரு கொழுக்கட்டையை எடுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் வட்டுக்கோட்டையில் வசிக்கும் ஓர் ஆசிரியை. 118 கிலோ எடையும் நீரிழிவுமாக இருந்தேன். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் 'ஸ்லீவ்' என்ற முறையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட்டு, வாழைக்காய் போன்ற ஓர் ஒடுங்கிய குழாய் மட்டும் மிஞ்சும். எதை எப்படிச் சாப்பிடுவது என்று வீடு திரும்பும்போது கையில் தந்த தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நினைப்பு வேறு. 1847 இல் இலங்கை வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் எங்கள் வட்டுக்கோட்டையில் பணியைத் தொடங்கி, பின்னர் மானிப்பாய்க்குப் போய், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். சத்திரசிகிச்சை நூலொன்றை 'இரணவைத்தியம்' என்ற பெயரில் தமிழாக்கியவர். அவர் நடமாடிய ஊருக்கு, என் அம்மாவால் வாசிக்க முடியாத தாள்களோடு வந்து சேர்ந்தேன்.

முதல் ஆறேழு மாதம் பசி என்பதே இல்லை. அதற்குக் காரணம் மனவுறுதி அல்ல, கிறெலின். இந்த ஓமோனை 1999 இல் யப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கக் கூடி, சாப்பிட்டபின் குறைந்து, "சாப்பிடு" என்று மூளைக்குச் சொல்வது இதுதான். பெரும்பகுதி இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் வெட்டி எடுக்கப்படுவதும் அந்தப் பகுதிதான். பட்டினி கிடந்து மெலிபவர்களுக்கோ இந்த ஓமோன் குறைவதில்லை, கூடுகிறது. 2002 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது: உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்தவர்களின் கிறெலின் ஏறியிருந்தது, இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் மிகவும் குறைந்திருந்தது. 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று இருபது வருடமாகக் கேட்டு வந்த எனக்கு, இதை வாசித்தபோது கண் கலங்கியது.

ஆனால் பசி திரும்பி வருகிறது. எனக்குப் பதினான்காவது மாதத்தில் வந்தது. பலருக்கு முதலாம், இரண்டாம் வருடத்துக்குள் வரும். மிஞ்சிய இரைப்பை சற்று விரிகிறது, இழந்த எடையை மீட்க உடம்பும் தன் பங்குக்கு முயல்கிறது. 76 கிலோவுக்கு இறங்கியிருந்த நான் 82 க்கு ஏறினேன். இவ்வளவு காசைக் கொட்டிவிட்டும் தோற்றுவிட்டேன் என்று வெட்கப்பட்டு, இரண்டு தடவை கிளினிக்குக்குப் போகாமல் விட்டேன். நான் செய்த பெரிய பிழை கூழ் குடித்தது அல்ல, இதுதான். எடை கொஞ்சம் ஏறுவது எதிர்பார்க்கப்படுவதே. நேரத்தோடு போனால் செய்வதற்கு வழிகள் இருக்கின்றன, மருந்துகள் உட்பட.

ஒருவழியாகப் போனபோது, உணவு ஆலோசகர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இப்ப உங்களுக்குப் புட்டும் மீன்குழம்பும் தந்தால் சாப்பிடுவீங்களா, இல்லை மிக்சர்தான் வேணுமா?" வயிற்றுப் பசி மெல்ல மெல்ல ஏறும், எதைக் கொடுத்தாலும் அடங்கும். மனப்பசி திடீரென வரும், குறித்த ஒன்றைத்தான் கேட்கும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அது பசியே அல்ல. ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலெழுவது சாதாரணம். அந்த எரிவையும் தாகத்தையும் நான் மாதக்கணக்காகப் பசி என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அமிலத்துக்கு மருந்து தந்ததும் பாதிப் 'பசி' போய்விட்டது.

மனப்பசிக்கு மருந்து அவ்வளவு இலகுவில்லை, அதுவும் எங்கள் ஊரில். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அதற்கு முன்னரே பொருளாதாரத் தடையில் சீனியும் மாவும் எண்ணி அளந்துதான் வீட்டுக்கு வந்தன. கோப்பையில் சோற்றை மிச்சம் விடுவது அம்மாவுக்கு இன்றும் தாங்க முடியாத காரியம். நான் நாலு வாயோடு எழும்பினால் அவர் முகம் மாறிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45 இல், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தார்கள், சமையற் குறிப்புகளைச் சேர்த்தார்கள். திரும்பச் சாப்பாடு கிடைத்தபோது வயிறு நிறைந்த பின்னும் பலரால் நிறுத்த முடியவில்லை. அதை அறிந்த பிறகு அம்மாவோடு சண்டை பிடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதலில் புரதம், பிறகுதான் மற்றவை. சங்கானைச் சந்தையில் வாங்கும் சூடை, முட்டை, அவித்த கடலை, பயறு. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள். புட்டும் இடியப்பமும் அதற்குப் பின் இடமிருந்தால். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை, அரை மணித்தியாலம் கழித்தே குடிப்பேன். கூடக் குடித்தால் உணவு கழுவிக்கொண்டு இறங்கி, வயிறு வெகு சீக்கிரம் வெறுமையாகிவிடும். பிஸ்கட், மிக்சர், ஐஸ்கிறீம் போன்றவை இந்தச் சிறிய குழாய்க்குள்ளும் வழுக்கிக்கொண்டு இறங்கக்கூடியவை. எவ்வளவு தின்றாலும் நிறைந்தது தெரியாது. ஆகவே வீட்டில் வைப்பதில்லை. ஆசை எழும்பினால் சீனியில்லாத தேத்தண்ணீரோடு கால் மணித்தியாலம் இருந்து பார்ப்பேன். பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாவிட்டால் சாப்பிடுவேன், ஆனால் கோப்பையில் போட்டு, இருந்து. நேரத்துச் சாப்பாட்டைத் தவறவிட்ட நாளில் இதெல்லாம் பலிக்காது.

பசியோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பி12, இரும்பு, கல்சியம் முதலிய குளிசைகள் ஆயுள் முழுக்க. வாந்தி நாட்கணக்கில் நிற்காமல் போனால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், தயமின் குறைந்தால் நரம்பையும் மூளையையும் பாதிக்கும். குடிவகையும் இந்த வயிற்றில் வழமையைவிட விரைவாக ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடிப் போனவர்களும் உண்டு.

இந்த வருட ஆடிப்பிறப்புக்கு அம்மா வழமைபோலவே கூழ் காய்ச்சினார். எனக்கு மட்டும் பனங்கட்டி போடுவதற்கு முன் சின்னச் சிரட்டையில் எடுத்து வைத்திருந்தார், பயறு கூட. "உப்புச் சப்பில்லாமல் இருக்கும், கோவிக்காதை" என்றார். உண்மையிலேயே உப்புச் சப்பில்லாமல்தான் இருந்தது.