ஐந்து நாற்காலி, மூன்று சமூகம்: கிழக்கு மாகாணம் காட்டும் கணக்கு

2012 செப்டம்பர் 8-ஆம் தேதி இலங்கையின் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 37 இடங்கள். மத்தியில் ஆண்டுகொண்டிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. ஆட்சி அமைக்க 19 பேர் வேண்டும். யாரிடமும் இல்லை. முதலிடத்துக்கு வந்த 14-இலும் இரண்டு, அதிக வாக்கு வாங்கிய கட்சிக்குச் சட்டப்படி கிடைக்கும் போனஸ் இடங்கள். அதைக் கழித்துப் பார்த்தால் 12-க்கு 11. வாக்கு வித்தியாசம் ஆறாயிரத்துச் சொச்சம்தான்.

தமிழ்நாட்டின் ஏரியூர் ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். ஒன்றியக் கவுன்சிலருக்கு நாம் ஓட்டுப் போடுகிறோம். சேர்மன் யார் என்பதைக் கவுன்சிலர்கள் மறைமுகத் தேர்தலில் முடிவு செய்கிறார்கள். ஓட்டு எண்ணி முடித்த நாளுக்கும் சேர்மன் தேர்வு நாளுக்கும் நடுவில் என்னென்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே தோற்ற தரப்பு ஐந்து வருடம் பொறுத்திருந்து அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். கிழக்கு மாகாணத்தில் ஓட்டு பெரும்பாலும் சமூகவாரியாகவே விழுகிறது. ஒரு கட்சி ஆட்சிக்கு வெளியே நின்றால், ஒரு சமூகமே வெளியே நிற்பதாக அர்த்தம்.

திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மூன்று மாவட்டங்கள் சேர்ந்தது கிழக்கு மாகாணம். 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 15.5 லட்சம் பேர். ஏறத்தாழ 40 சதவீதம் தமிழர், 37 சதவீதம் முஸ்லிம்கள், 23 சதவீதம் சிங்களவர். தமிழ்நாட்டு வாசகர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே முஸ்லிம்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனாலும் அவர்கள் தங்களைத் தனி இனமாகவே கருதுகிறார்கள், அரசுக் கணக்கிலும் அப்படியே பதிவாகிறார்கள். மொழி ஒன்று என்பதால் அரசியலும் ஒன்றாகிவிடும் என்ற நம் ஊர் அனுமானம் மட்டக்களப்பு வாவியைத் தாண்டுவதில்லை.

மூவரில் யாருக்கும் பாதி இல்லாத மாகாணம். அப்படியானால் பங்கிட்டுத்தான் ஆள வேண்டும். பங்கிடுவதற்கு என்ன இருக்கிறது? 1987-இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் ஒரு மாகாணத்துக்கு முதலமைச்சரும் அதிகபட்சம் நான்கு அமைச்சர்களும் என்று வரையறுக்கிறது. ஆக ஐந்து நாற்காலி. சபையில் பெரும்பான்மை ஆதரவைத் திரட்டக்கூடியவர் என்று ஆளுநர் கருதுபவரே முதலமைச்சர். அந்த ஐந்தில் எந்தச் சமூகத்துக்கு எத்தனை என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிரச்சினை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

2012-இல் இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு முஸ்லிம் காங்கிரசுக்கு ஒரு வாய்ப்பை நீட்டியது. எங்களிடம் 11 இருந்தாலும் முதலமைச்சர் பதவியை 7 வைத்திருக்கும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. ஐக்கிய தேசியக் கட்சியின் 4 சேர்ந்தால் 22; போதும், மிச்சமும் உண்டு. ஆனால் முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீம் அப்போது கொழும்பு அரசில் நீதி அமைச்சர். மாகாணத்தில் அரசுக்கு எதிராக நின்றால் மத்தியில் நாற்காலி ஆட்டம் காணும். அந்தக் கட்சி ஆளுங்கட்சிப் பக்கமே போனது. செப்டம்பர் 18-ஆம் தேதி ஆளுங்கட்சியின் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார்.

பதவி ஆசை மட்டுமே காரணம் என்று முடித்துவிடுவது நியாயமாகாது. 1990 ஆகஸ்ட் 3-ஆம் தேதி கிழக்கின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் ராணுவமும் ஊர்காவல் படையினரும் கிழக்கின் தமிழ்க் கிராமங்களில் நடத்திய கொலைகளைத் தமிழர்கள் மறக்கவில்லை. 1988-இல் ஒன்றாக்கப்பட்ட வடக்கு–கிழக்கு மாகாணம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2007 ஜனவரி 1 முதல் பிரிந்தபோது தமிழர்களுக்கு அது இழப்பு. முஸ்லிம்களில் பலருக்கு நிம்மதி. இத்தனையையும் சுமந்துகொண்டு தேர்தல் முடிந்த பத்தே நாளில் இரண்டு தரப்பும் தாமாகக் கைகோத்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

விளைவைப் பாருங்கள். 2012-இல் பதவியேற்ற ஐந்து பேரில் நால்வர் முஸ்லிம்கள், ஒருவர் சிங்களவர். மாகாணத்தில் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் தமிழர்களிலிருந்து ஒருவர்கூட இல்லை. சட்டம் எங்கும் மீறப்படவில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் கேட்டோ வாய்க்கால் தூர்வாரக் கேட்டோ போகும் கொக்கட்டிச்சோலைத் தமிழ் விவசாயிக்கு, தன் ஓட்டு போய்ச் சேர்ந்த இடத்தில் ஓர் அமைச்சரும் இல்லை.

2015 ஜனவரி 8-ஆம் தேதி மைத்திரிபால சிறிசேன குடியரசுத் தலைவராக வென்றதும் காட்சி மாறியது. பிப்ரவரி 6-ஆம் தேதி முஸ்லிம் காங்கிரசின் ஹாபிஸ் நசீர் அகமது முதலமைச்சரானார். 11 உறுப்பினர் வைத்திருந்த கூட்டமைப்புக்குள் கொதிப்பு எழுந்தது. எண்ணிக்கையில் பெரியவர்களான நாம் ஏன் இரண்டாவதாக நிற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் பேச்சுவார்த்தைக்குப் பின் அவர்கள் ஆட்சியில் சேர்ந்தார்கள். சிங்காரவேலு தண்டாயுதபாணி கல்வி அமைச்சர், கி. துரைராசசிங்கம் விவசாய அமைச்சர். முதலமைச்சரோடு இன்னொரு முஸ்லிம் அமைச்சர். சிங்களவரான ஆரியவதி கலப்பத்தி ஐந்தாவது. இரண்டு, இரண்டு, ஒன்று. மாகாண மக்கள்தொகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே விகிதம்.

உறுப்பினர்கள் மாறவில்லை, இடையில் மாகாணத் தேர்தலும் நடக்கவில்லை. அதே 37 பேரிலிருந்து 2012-இல் ஒரு விதமான ஆட்சியும் 2015-இல் முற்றிலும் வேறான ஆட்சியும் வந்தன. மாறியது கொழும்பு. அங்கே காற்று ஒரு பக்கம் அடித்தால் தமிழருக்கு அமைச்சர் இல்லை, மறுபக்கம் அடித்தால் இரண்டு. மாகாணத்து மக்கள் போட்ட ஓட்டின் பொருளைத் தலைநகரம் தீர்மானிக்கும் இந்த நிலையை அதிகாரப் பகிர்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, விதி எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் 10-ஆம் தேதி ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கையில் ஒரு வழி இருக்கிறது. அமைச்சர் பதவிகளைக் கட்சிகள் பேரம் பேசிப் பங்கிடுவதில்லை. டோண்ட் முறை என்ற எளிய கணக்கின்படி அவை தாமாகவே விழுகின்றன. அதைக் கிழக்கு மாகாணத்தின் 2012 முடிவில் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு கட்சியின் இடங்களையும் ஒன்றால், இரண்டால், மூன்றால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். எந்த எண் பெரியதோ அதற்கு ஒரு நாற்காலி. முதல் எண் 14, ஆளுங்கட்சிக்கு. அடுத்தது 11, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. அதற்கடுத்து இரண்டு 7 வருகின்றன: முஸ்லிம் காங்கிரசின் 7 ஒன்று, ஆளுங்கட்சியின் 14-ஐ இரண்டால் வகுத்தால் வரும் 7 இன்னொன்று. ஆளுக்கு ஒன்று. ஐந்தாவது, கூட்டமைப்பின் 11-ஐ இரண்டால் வகுத்த 5.5. ஆக ஆளுங்கட்சிக்கு இரண்டு, கூட்டமைப்புக்கு இரண்டு, முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று. ரவூப் ஹக்கீம் எந்தப் பக்கம் சாய்கிறார், கொழும்பில் யார் ஆள்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

இந்த முறை குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. வட அயர்லாந்துச் சட்டமன்றத்தின் ஆட்சி 2017 ஜனவரி முதல் மூன்று ஆண்டும், 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டும் முடங்கிக் கிடந்தது. முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒருவர் எழுந்து போனால் மற்றவரும் போக வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒரு பெரிய கட்சிக்குக் கோபம் வந்தால் மொத்த அரசும் நின்றுபோகும். எல்லோரையும் உள்ளே வைக்கும் விதி வேண்டும். ஒருவர் வெளியேறினால் கதவையே மூடும் விதி வேண்டாம்.

விதியே சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இராக்கின் கிர்குக் சாட்சி. குர்து, அரபு, துருக்மேன் மக்கள் கலந்து வாழும் எண்ணெய் மாகாணம் அது. 2005-க்குப் பிறகு முதன்முறையாக 2023 டிசம்பர் 18-ஆம் தேதி அங்கே மாகாண சபைத் தேர்தல் நடந்தது. 16 இடங்களில் குர்துக் கட்சிகளுக்கு 7, அரபுக் கட்சிகளுக்கு 6, துருக்மேன்களுக்கு 2, கிறிஸ்தவர் ஒதுக்கீடு 1. ஆளுநரைத் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் ஆனது. கடைசியில் 2024 ஆகஸ்டில் ஓர் இரவு, கிர்குக்கில்கூட அல்ல, பாக்தாத்தின் ரஷீத் ஹோட்டலில் கூடி 9 உறுப்பினர்கள் தேர்வை முடித்தார்கள். துருக்மேன் முன்னணியும் இன்னும் சிலரும் வரவில்லை, செல்லாது என்றார்கள். தலைநகரத்தில் முடிவாகும் மாகாண ஆட்சி இலங்கைக்கு மட்டும் உரிய நோய் அல்ல.

மாகாணத்துக்குக் கீழே இறங்கினால் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. 2018 பிப்ரவரி 10 தேர்தலிலிருந்து 60 சதவீத இடங்கள் வட்டார வெற்றிக்கு, 40 சதவீதம் வாக்கு விகிதத்துக்கு என்ற கலப்பு முறை வந்தது. சிறிய கட்சிகளும் உள்ளே வந்தன. நிறைய சபைகளில் யாருக்கும் பாதி இல்லை. அப்படியான இடத்தில் உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டத்தைக் கூட்டுவார். திறந்த வாக்கெடுப்பா, இரகசிய வாக்கெடுப்பா என்பதையே முதலில் வாக்கெடுத்து முடிவு செய்வார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. 45 உறுப்பினர் கொண்ட யாழ்ப்பாண மாநகர சபையில், வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்றதால் மேயர் இமானுவேல் ஆர்னோல்ட் பதவி இழந்தார். 2020 டிசம்பர் 30-ஆம் தேதி நடந்த தேர்வில் அவருக்கு 20, விஸ்வலிங்கம் மணிவண்ணனுக்கு 21. ஒரே ஓட்டில் மேயர் மாறினார். அங்கே மோதியவர்கள் இருவரும் தமிழர்கள் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். சமூகங்களுக்கு நடுவில் பங்கீடு இல்லாத இடத்திலும் பங்கீட்டுக்கு விதி தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் நாம் அப்படியொரு விதியை எழுதிக்கொண்டோம். தலைவர் பதவிகளில் பட்டியல் சமூகத்தினருக்கும் பெண்களுக்கும் சுழற்சி முறையில் ஒதுக்கீடு. யார் மனது வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த நாற்காலி அவர்களுக்குத்தான். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டு அதை நடக்கவிடாமல் தடுத்தார்கள். 2006 அக்டோபரில் அரசு உறுதியாக நின்று தேர்தலை நடத்தியபோதுதான் தலைவர்கள் வந்தார்கள். விதி மட்டும் போதவில்லை. ஆனால் விதி இருந்ததால்தான் பத்தாண்டுக்குப் பிறகாவது கேட்க முடிந்தது.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பர் 30-ஆம் தேதி முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. இரண்டு, இரண்டு, ஒன்று என்ற அந்த ஏற்பாட்டுக்கு முழுதாக மூன்று ஆண்டுகூடக் கிடைக்கவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் நடக்காததற்குக் காரணம், மாகாணத் தேர்தலையும் கலப்பு முறைக்கு மாற்ற 2017-இல் கொண்டுவந்த சட்டம். அதற்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணயக் குழுவின் அறிக்கை 2018 ஆகஸ்ட் 24-ஆம் தேதி நாடாளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரவாக ஒருவரும் இல்லை. மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலையை முடிக்கவில்லை. பழைய சட்டம் ரத்தாகிவிட்டது, புதிய சட்டத்தை நடைமுறைப்படுத்த முடியவில்லை. மாகாணம் ஆளுநர் கையில்.

ஏரியூரிலும் இதன் சிறு வடிவம் தெரியும். 2016 முதல் 2020 வரை தனி அலுவலர்கள். பிறகு ஐந்தாண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்தக் காலமும் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள். அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் குடிநீர்க் குழாய் உடைந்தால் யார் வீட்டு வாசலில் போய் உரிமையோடு நிற்பது என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் பதில் கிடையாது.

கிழக்கில் செய்ய வேண்டியது இரண்டு. பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்துவதற்கு நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அது எந்த அரசுக்கும் கடினமான வேலை அல்ல. ஐந்து நாற்காலிகளைக் கணக்குப்படி பங்கிடும் விதியை அரசியலமைப்பில் சேர்க்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது தாமதமாகலாம். அதுவரை கட்சிகள் காத்திருக்கத் தேவையில்லை. வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே, யார் முதலிடம் வந்தாலும் இரண்டு, இரண்டு, ஒன்று என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதைத் திருகோணமலையிலும் காத்தான்குடியிலும் அம்பாறையிலும் மேடை போட்டு வாசிக்கலாம். முதலமைச்சர் பதவியை இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வதையும் அதிலேயே எழுதலாம். எண்ணி முடித்த பிறகு பேசினால் ஒவ்வொரு கட்சியும் கொழும்பைப் பார்க்கும். எண்ணுவதற்கு முன்பு, யாருக்கு எத்தனை என்று தெரியாத அந்தச் சில வாரங்களில்தான் மூவருக்கும் ஒரே அளவு பயம் இருக்கும். நியாயமான பங்கீட்டுக்குச் சம்மதம் வாங்கக்கூடிய காலம் அது.