கொட்டில் என்றாலும் முற்றம் முற்றந்தான்

"காணி நம்முடையதல்லவே, எதை நடுவது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆகவே விரைவில் பலன் தருவதையும், புறப்படும்போது கொண்டுபோகக் கூடியதையும் நடுவோம். முளைக்கீரையை விதைத்து நான்கு வாரமளவில் பிடுங்கலாம். மிளகாய்க் கன்றைப் பழைய பால்மாப் பேணியில் வைக்கலாம்; அடியில் துளையிடாவிட்டால் வேர் அழுகிவிடும். செவ்வரத்தையும் முருங்கையும் தடி வெட்டி நட்டாலே தளிர்க்கும். அடுத்த இடத்துக்கும் ஒரு தடி வெட்டிக்கொண்டு போகலாம்.

இனித் திண்ணையை மெழுகுவோம். வெறுங்களியைப் பூசினால் காய்ந்ததும் வெடிக்கும். புற்றுமண்ணுடன் சிறிது மணலும் சாணமும் குழைத்து, மெல்லியதாக இருமுறை பூசவேண்டும். புற்றை வெட்டுமுன் பாம்பு உண்டா என்று பார்த்துக்கொள்வோம். முதற்பூச்சு நன்றாகக் காய்ந்த பின்பே மற்றப் பூச்சு. அதுவரை பிள்ளைகளைத் திண்ணையில் ஏறவிடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு!