சமாதானத் தொண்டும் மண்வெட்டியும்

பிற நாட்டு மக்களுக்குத் தொண்டாற்றுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டோருள் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து இஞ்சினீயர் பியேர் செரெஸோல் ஒருவர். முதல் உலக யுத்தத்தில் பாழான, வெர்தூனுக்கு அருகிலுள்ள எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தைச் சீர்படுத்த 1920-இல் பல நாட்டுத் தொண்டர்களுடன் சென்றார். அவர்களுள் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றைய பகைவர் கைபட்டு வீடு எழுவதைப் பொறாதோர் எதிர்க்கவே, சில மாதங்களில் பணி நின்றது. ஆயினும் அம்முயற்சியினின்றே சர்வதேசத் தொண்டர் சங்கம் தோன்றிற்று. முறிந்த வாளும் மண்வெட்டியும் அதன் சின்னம்.

1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. வீடுகள் இடிந்ததன்றி, நிலவெடிப்புகளின் வழியே பொங்கிய மணல் வயல்களை மூடிற்று. செரெஸோல் அவ்வாண்டே வந்து ராஜேந்திர பிரசாத் முதலிய தலைவர்களைக் கலந்தார். பின்னர்த் தோழர் சிலருடன் முஸாபர்பூர்ப் பகுதியில் வெள்ளம் ஏறாத இடங்களில் கிராமங்களைப் புதிதாக அமைக்கும் பணியில் ஈடுபட்டார். தலைமுறையாக வாழ்ந்த மனையை விட்டுப் பெயர்வது எளிதன்று. மனைப் பங்கீடும் கிணறும் பாதையும் ஊரார் ஒப்பினாலன்றி அமையா என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர் நன்கறிவர். இஞ்சினீயராயினும் அவர் ஊராருடன் நின்று மண் வேலை செய்தார். நம் ஊருக்கு வரும் எத்தனை அதிகாரிகள் கூடையைத் தொட்டனர் என வாசகர்கள் வினவலாம். அக்கேள்வி நியாயமானதே.