சிதறியும் சிதையாச் செல்வம்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதாம். அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் அது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவ்வூரின்மேற் படையெடுத்து வென்றான். அப்போரைப் பொருளாகக் கொண்டு 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் ஒன்று எழுந்தது. அந்நூல் முழுமையாக இன்று நமக்குக் கிடைத்திலது. புறத்திரட்டு என்னும் தொகைநூலில் இடம்பெற்ற பாடல்களும், உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்ட சிலவுமே எஞ்சியுள்ளன. நூல் மறைந்தது, பிற ஏடுகளில் புகுந்த பகுதிகள் மட்டும் பிழைத்தன.

ஓலைச்சுவடி செல்லுக்கும் ஈரத்துக்கும் தீக்கும் இரையாகும் இயல்பினது. ஆதலின் நம் முன்னோர் ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் படி எடுத்து வைத்தனர். அதியமானைப் பாடிய பாடல்கள் பல அடங்கிய புறநானூற்றை, டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி 1894 ஆம் ஆண்டில் பதிப்பித்தார். பல இடங்களிற் படிகள் இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று!

இக்காலத்தில் எழுத்தும் படமும் கணக்கும் கணிப்பொறியின் வட்டில் உறைகின்றன. வட்டும் ஒருநாள் பழுதுறுவதே. பழுதுறும் பொருள்களைக் கொண்டே பழுதுறாச் சேமிப்பை அமைப்பது எங்ஙனம்? அதனை இனிக் காண்போம்.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கு தளம் லினக்ஸ் ஆகும். அது வட்டினை எண்ணிட்ட தாள்களையுடைய குறிப்பேடு போலக் கருதுகின்றது. ஒவ்வொரு தாளும் ஒரே அளவினது; அதற்குப் 'பிளாக்' என்று பெயர். 'இன்ன எண்ணுள்ள தாளைப் படி. இன்ன தாளில் எழுது' என்பனவே லினக்ஸ் இடும் ஏவல்கள். அவ்வேவலை நிறைவேற்றுவது பெட்டிக்குள் இருக்கும் வட்டா, தொலைவிலுள்ள பல கணிப்பொறிகளா என்பதுபற்றி அதற்குக் கவலை இல்லை. இந்நுட்பமே பரவல் சேமிப்புக்கு வாயிலாயிற்று.

அத்தகைய சேமிப்பு முறைகளுள் ஒன்று 'செஃப்' என்பது. அமெரிக்காவில், சாந்தா குரூசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்பார் தம் ஆய்வின்போது இதனை உருவாக்கினார். 2006 ஆம் ஆண்டில் இதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. செஃப் சேமிப்பை வட்டாகவே காட்டும் பகுதி 2011 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லினக்சின் கருவிற் சேர்ந்தது. சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் என்னும் அணு ஆய்வுக் கூடமும் இம்முறையைக் கையாள்கின்றது.

இதன்கண் அமையும் வட்டு கண்ணுக்குத் தோன்றும் பொருளன்று. அதனை 'வால்யூம்' என்பர். வழக்கமான அமைப்பில் அது 4 மெகாபைட் அளவுள்ள துண்டங்களாகப் பகுக்கப்படும். 10 கிகாபைட் வால்யூம் நிரம்பினால் 2,560 துண்டங்கள் உண்டாகும். ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள் வெவ்வேறு சர்வர்களில் வைக்கப்படும். எழுதியது எல்லாப் படிகளிலும் பதிந்த பின்னரே, 'எழுதி முடிந்தது' என்னும் விடை லினக்சுக்கு வரும். ஒரு சர்வர் வீழ்ந்துபடின், ஏனையவை தம்பால் உள்ள படிகளைப் பார்த்து, குறைந்த படிகளைத் தாமே மீண்டும் எழுதிக்கொள்ளும்.

எத்துண்டம் எங்குள்ளது என்று குறிக்கும் பெரும்பதிவேடு ஒன்றும் இங்கில்லை. அத்தகைய ஏடு ஒன்றே இருந்து அதுவும் அழியுமாயின், எல்லாம் இருந்தும் இல்லாதனவே ஆகும். துண்டத்தின் பெயரையும் சர்வர்களின் வரைபடத்தையும் கொண்டு 'கிரஷ்' என்னும் கணக்கு இடத்தைக் கண்டுரைக்கும். அவ்வரைபடத்தைக் காக்கும் கணிப்பொறிகள் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்தாக இருக்கும். அவற்றுட் பெரும்பான்மை ஒத்துக்கொண்டதே செல்லும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மூன்று சர்வர்களும் ஒரே மின்னிணைப்பை நம்பியிருப்பின் மூன்றும் ஒருங்கே நிற்கும். ஆதலின் அவற்றைப் பிரித்து அமைத்தல் வேண்டும். மேலும், நாமே தவறுதலாக ஒன்றை அழித்தால் மூன்று படிகளிலும் அது அழிந்துபோம். பொறியின் பழுதைத் தாங்கும் இம்முறை மனிதரின் பிழையைத் தாங்காது. அதற்கென வேறோரிடத்தில் தனியே ஒரு காப்புப்படி வைத்தல் இன்றியமையாதது.

மாணவர்களே! தகடூர் யாத்திரையில் மறைந்த பாடல்களை எந்தக் கணிப்பொறியாலும் இனி மீட்டுத்தர இயலாது. இழப்பதற்கு முன் எடுத்த படியே படியாகும். உங்கள் இல்லத்தில் பாட்டனார் கைப்பட எழுதிய குறிப்பேடோ, பழைய ஏடோ இருக்குமாயின் இன்றே அதற்குப் படி எடுத்து வேறோரிடத்திலும் வையுங்கள். ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒருநாள் இல்லாமற் போகும். பலவிடத்துப் பரந்திருப்பது தலைமுறை கடந்தும் வாழும்.