சுவரொட்டியும் சுரங்கமும்: தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க நிறுவனங்களின் எச்.ஐ.வி. அறிவுறுத்தல்

முன்னுரை

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்க்கும் அவர்களைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கும் நோயைப் பற்றிச் செய்தி சொல்வது நற்பணியாகவே கருதப்படுகிறது. செய்தி சென்று சேர்ந்தால் நடத்தை மாறும் என்பது அப்பணிக்கு அடிப்படையான நம்பிக்கை. இந்நம்பிக்கை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள். எச்.ஐ.வி. பரவிய காலத்தில் அச்சுரங்க நிறுவனங்களிடம் மருத்துவமனைகள் இருந்தன, பணம் இருந்தது, ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்த கேட்போரும் இருந்தனர். சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, ஆணுறைகள் வழங்கப்பட்டன, நாடகங்கள் நடத்தப்பட்டன. எனினும் 2002ஆம் ஆண்டில் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் தென்னாப்பிரிக்கப் பகுதியிலிருந்த தன் தொழிலாளர் 1,34,000 பேரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் நோய்த்தொற்று உடையோர் என மதிப்பிட்டது. சொல்லப்பட்ட செய்தியில் பிழை இல்லை. அது யார் வாயிலாக, எந்த உறவுக்குள், எந்த வாழ்நிலையில் இருந்தோரிடம் சொல்லப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சுரங்கமும் விடுதியும்

தங்கச் சுரங்கத் தொழில் புலம்பெயர் உழைப்பின்மீது எழுப்பப்பட்டது. லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி, போட்ஸ்வானா ஆகிய நாடுகளிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் ஊர்ப்புறங்களிலிருந்தும் ஆண்கள் ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுவரப்பட்டனர். 1980களின் நடுப்பகுதியில் இத்தொழிலில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் இருந்தனர். மனைவி மக்களை உடன் அழைத்துவர அவர்களுக்கு உரிமையில்லை. ஆண்கள் மட்டுமே தங்கும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பலராக அவர்கள் வாழ்ந்தனர். ஆண்டின் பெரும்பகுதி குடும்பத்தைப் பிரிந்த ஆண்கள் விடுதிக்குள்ளும், வருவாய் தேடி வந்த பெண்கள் வேலிக்கு வெளியே தகரக் கொட்டகைகளிலும் இருந்தனர். பால்வினை நோய் பரவுவதற்கு இதனினும் ஏற்றதோர் அமைப்பைத் திட்டமிட்டு உருவாக்க முயன்றாலும் இயலாது. இவ்வமைப்பில் சிபிலிஸ் முதலிய நோய்கள் பரவுவதை எச்.ஐ.வி. வருவதற்குப் பல பதிற்றாண்டுகள் முன்னரே மருத்துவர்கள் அறிந்திருந்தனர்.

முதற்செய்தி

நச்சுயிரியைப் பற்றி நிறுவனங்கள் தொழிலாளர்க்குத் தெரிவித்த முதற்செய்தி சொல்லால் அன்று, செயலால் அமைந்தது. 1986இல் சுரங்க உரிமையாளர் கூட்டமைப்பான சுரங்கச் சபை தொழிலாளரிடையே குருதிச் சோதனை மேற்கொண்டது. மலாவித் தொழிலாளரிடையே ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் தொற்று காணப்பட்டது. பிற நாட்டவரிடம் அது மிகக் குறைவாக இருந்தது. மலாவியிலிருந்து வருவோரை முன்கூட்டியே சோதிக்கவேண்டும் என்ற கோரிக்கையை அந்நாட்டு அரசு ஏற்கவில்லை. ஆள்சேர்ப்பு நின்றது. 1988 முதல் 1992 வரை ஏறத்தாழ 13,000 மலாவியர் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுள் தொற்று உறுதி செய்யப்பட்டோர் ஏறத்தாழ 200 பேரே. இந்நிகழ்வை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் விஸ்மன் சிர்வா, ஆட்குறைப்பும் உள்நாட்டாரைக் கொண்டு தொழிலை நடத்தும் கொள்கை மாற்றமும் இதன் பின்னணியில் இருந்ததைச் சுட்டி, நோய் ஒரு காரணமாகக் காட்டப்பட்டதே என வாதிடுகிறார்.

சிர்வாவின் வாதத்தை முழுமையாக ஏற்காதவரும் ஒன்றை மறுத்தல் அரிது. விடுதியில் எஞ்சியிருந்தோர் கற்ற பாடம் ‘சோதனைக்குட்பட்டால் வேலை போகும்’ என்பதே. பின்னாளில் எத்தனை துண்டறிக்கைகள் ‘சோதனை செய்துகொள்க’ என்று வேண்டினும் அவை இந்நினைவின் மீதே எழுதப்பட்டன. தொழிலாளியையோ வேலை தேடி வருவோரையோ எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படுத்துவதைத் தொழில் நீதிமன்றத்தின் இசைவின்றிச் செய்யலாகாது எனச் சட்டம் தடுத்தது 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் வாயிலாகத்தான்.

கட்டளையின் மொழி

இவ்விடத்தில் மொழி குறித்த செய்தி ஒன்று கருதத்தக்கது. பல மொழி பேசுவோர் கூடி உழைத்த சுரங்கங்களில் மேலாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே வழங்கியது பனகலோ என்னும் கலப்புமொழி. அதன் சொற்களில் பெரும்பகுதி சூலு மொழிக்குரியவை. எஞ்சியவை ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்சும். ‘பன க லோ’ என்றால் ‘இதைப் போல’ என்று பொருள். ‘இதைப் போலச் செய்’ என்று காட்டிச் சொல்லும் மொழிக்கு அதுவே பெயராயிற்று. புதிதாக வருவோர்க்குச் சுரங்கங்களில் இம்மொழி பயிற்றப்பட்டது. அதற்கென வெளிவந்த கையேடுகளில் ஏவல் வாக்கியங்களே மிகுதி. வினவுதற்கும் ஐயம் எழுப்புதற்கும் மறுத்தற்கும் உரிய தொடர்கள் அவற்றில் அரிதாகவே இடம்பெற்றன.

தமிழாய்வாளர்க்கு இம்மொழியோடு ஒரு தொடர்பு உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டால் சென்ற ஒப்பந்தக் கூலிகளும் அவர்வழி வந்தோருமே இக்கலப்புமொழியைத் தோற்றுவித்தனர் என்றொரு கருத்து நெடுங்காலம் வழங்கியது. ‘இசிகூலா’, அதாவது கூலிகளின் மொழி, என்பதும் அதன் பெயர்களுள் ஒன்று. மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்த்ரி 1989இல் இக்கருத்தை மறுத்தார். இந்தியர் வருமுன்னரே இம்மொழிக்குச் சான்றுகள் இருப்பதையும், அதில் இந்தியமொழிக் கூறுகள் காணப்படாமையையும் அவர் எடுத்துக்காட்டினார். தமிழரும் தெலுங்கரும் கற்றுக்கொண்ட மொழியே அன்றி, ஆக்கிக்கொண்ட மொழி அன்று அது.

எச்.ஐ.வி. குறித்த சுவரொட்டிகளும் நாடகங்களும் பல ஆப்பிரிக்க மொழிகளில் அமைந்தன. எனவே பனகலோவே தடையாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் அம்மொழி வளர்த்த பேச்சுமுறை, மொழி மாறியபோதும் மாறவில்லை எனலாம். பாதுகாப்புத் தலைக்கவசம் அணிக, வெடிவைப்பின்போது விலகி நிற்க என்ற அறிவிப்புகளோடு, ஆணுறை அணிக என்பதும் மற்றொரு கட்டளையாக வந்து சேர்ந்தது.

அறிந்தோர் ஏன் அஞ்சவில்லை

ஜோகன்னஸ்பர்க்கிற்குத் தென்மேற்கிலுள்ள கார்ல்டன்வில் பகுதியில் 1990களின் நடுவே சமூக உளவியலாளர் கேத்தரின் கேம்பெல் சுரங்கத் தொழிலாளர் 42 பேரிடம் விரிவாக உரையாடினார். அவர்களுள் பெரும்பாலோர் நோய் பரவும் வழியையும் தடுக்கும் வழியையும் அறிந்தே இருந்தனர். அறியாமையைப் போக்குவதே தீர்வு என்று எண்ணியோர்க்கு இது எதிர்பாராத முடிவு.

விளக்கம் பூமிக்கு அடியில் இருந்தது. அப்பகுதிச் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் செல்வன. பாறை சரியும்; வெப்பம் தகிக்கும். கேம்பெல் எடுத்தாளும் கணக்கின்படி, அடிநிலத்தில் 20 ஆண்டுகள் உழைக்கும் ஒருவர் விபத்தில் இறக்கும் வாய்ப்பு 2.9 விழுக்காடு; பதிவு செய்யத்தக்க காயம் அடையும் வாய்ப்பு 42 விழுக்காடு. நாள்தோறும் இந்த அச்சத்தை விழுங்கிக்கொண்டு இறங்குவதற்கு ஒரு மனநிலை வேண்டும். ‘ஆண்மகன் அஞ்சமாட்டான், குடும்பத்திற்காக எதையும் தாங்குவான்’ என்ற எண்ணமே அவர்களுக்கு அம்மனநிலையைத் தந்தது. அதே எண்ணம், ஆணுக்குப் பெண் இன்றியமையாதவள், பாலுறவில் எச்சரிக்கை ஆண்மைக்கு ஒவ்வாது என்றும் கற்பித்தது. ஒருவரைச் சுரங்கத்திற்குள் இறங்கவைத்த துணிவே அவரை நோய்க்கும் உள்ளாக்கியது. பத்தாண்டு கழித்துக் கொல்லக்கூடிய நச்சுயிரியைக் காட்டி, நாளையே பாறை விழக்கூடிய இடத்தில் நிற்பவரை எச்சரிப்பது எளிதன்று. பிரிந்து வாழும் தனிமையில் உடல் நெருக்கம் அளித்த ஆறுதலையும் தொழிலாளர் குறிப்பிட்டனர். ஆணுறை அந்நெருக்கத்திற்கு இடையூறாகவே அவர்களுக்குத் தோன்றியது.

இத்தகைய வாழ்நிலையைச் சுவரொட்டி தொடவில்லை. தொடவேண்டுமாயின் விடுதியமைப்பைப் பற்றியும் ஊதியத்தைப் பற்றியும் பேசவேண்டியிருந்திருக்கும். அது நலவாழ்வுத் துறையின் அதிகார எல்லைக்குள் அடங்காத செய்தி.

வேலிக்கு அப்பால்

‘மோத்துசிம்பிலோ’ என்னும் திட்டம் கார்ல்டன்வில் பகுதியில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது. சுரங்க நிறுவனங்கள், தொழிற்சங்கம், அரசு, ஆய்வாளர், உள்ளூர் மக்கள் ஆகிய அனைவரையும் ஒன்று சேர்ப்பது அதன் நோக்கம். பால்வினை நோய்களுக்கு மருத்துவம், ஆணுறை வழங்கல், சகபயிற்றுநர் முறை என்பன அதன் கூறுகள். சகபயிற்றுநர் முறையில், அறிவுரை கூற வெளியார் வருவதில்லை. அதே தொழிலையும் அதே வாழ்வையும் உடையோர் தம்முள் கூடிப் பேசித் தாமே முடிவுக்கு வருவர்.

கொட்டகைகளில் வாழ்ந்த பாலியல் தொழிலாளரிடையே இம்முறை ஓரளவு வேரூன்றியது. எனினும் அவர்களால் ஒன்றைக் கடக்க இயலவில்லை. ஆணுறை வேண்டும் என்று ஒருத்தி வற்புறுத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கொட்டகைக்குச் சென்றார். அந்நாள் உணவுக்கு வழியில்லாதவளிடம் மறுக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்? மாறவேண்டியவர் அவளிடம் வந்த ஆண். அந்த ஆணைச் சென்றடையும் வழி நிறுவனத்தின் கையில் இருந்தது. அங்கேதான் திட்டம் தளர்ந்தது என்பதைக் கேம்பெல் தம் ‘லெட்டிங் தெம் டை’ என்னும் நூலில் (2003) பதிவு செய்துள்ளார். சுரங்க நிர்வாகங்கள் மருத்துவக் கூறுகளில் ஆர்வம் காட்டின. தொழிலாளர் தம்முள் கூடிப் பேசும் பணிக்கு அவ்வார்வம் நீளவில்லை. வேலிக்கு வெளியே வாழ்வோர் தம் பொறுப்பு அல்லர் என்ற எண்ணமும் நீங்கவில்லை.

அக்காலத்தே அப்பகுதியில் நடந்த கணக்கெடுப்பில் 25 வயதை ஒட்டிய பெண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரிடம் தொற்று காணப்பட்டது. நிறுவனத்தின் பதிவேட்டில் இப்பெண்களுக்கு இடமில்லை.

சொல்லப்படாத தூசி

நிறுவனம் எதைச் சொன்னது என்பதோடு எதைச் சொல்லாமல் விட்டது என்பதும் அதன் சொல்லுக்குரிய மதிப்பை முடிவு செய்கிறது. தங்கப் பாறையை உடைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் மாறா நோயை உண்டாக்குகிறது. அந்நோய் உடையவர்க்குக் காசநோய் எளிதில் பற்றும். எச்.ஐ.வி. உள்ளவர்க்கும் அவ்வாறே. இரண்டும் ஒருவரிடம் சேரும்போது காசநோய் வாய்ப்பு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்கிறது என்பதைச் சுரங்கத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வே நிறுவியது. அவ்வாறாயின், நச்சுயிரியைப் பற்றிய எச்சரிக்கை தூசியைப் பற்றிய எச்சரிக்கையின்றி நிறைவுறாது. நடத்தையை மாற்றுக என்று தொழிலாளியிடம் கேட்பதற்குச் செலவு குறைவு. தூசியைக் குறைக்க நிறுவனம் செலவிடவேண்டும். தூசியிலிருந்து தம்மைக் காக்கத் தவறினர் என்று முன்னாள் தொழிலாளர் தொடுத்த கூட்டு வழக்கு, 2018 மே மாதத்தில் ஏறத்தாழ 500 கோடி ராண்ட் மதிப்புள்ள உடன்பாட்டில் முடிந்தது. ஆறு நிறுவனங்கள், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, அதில் கையொப்பமிட்டன.

மருந்து வந்தபின்

செய்தியின் தன்மையை மாற்றியது மருந்து. போட்ஸ்வானா அரசும் டி பியர்ஸ் நிறுவனமும் சமபங்கு கொண்ட டெப்ஸ்வானா வைரச் சுரங்க நிறுவனம், 1999இல் நடத்திய கணிப்பில் தன் தொழிலாளரில் 28.8 விழுக்காட்டினரிடம் தொற்று இருப்பதைக் கண்டது. 2001இல் தொழிலாளிக்கும் அவர்தம் வாழ்க்கைத்துணைக்கும் எதிர்நச்சுயிரி மருந்து வழங்க அது முன்வந்தது. ஆங்கிலோ அமெரிக்கன் 2002 ஆகஸ்டில் தன் தொழிலாளர்க்கு அம்மருந்தை இலவசமாக அறிவித்தது. தென்னாப்பிரிக்க அரசின் தலைமையே நோயின் காரணத்தை ஐயுற்றுக் கொண்டிருந்த காலம் அது. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து கிடைக்கத் தொடங்கியது 2004இல்தான். அதுவரை ‘சோதனை செய்துகொள்க’ என்ற தொடருக்கு ‘உன் இறப்பை முன்னதாக அறிந்துகொள்’ என்பதைத் தவிர வேறு பொருள் இருந்ததில்லை. மருந்துக்குப் பின்னும் தொழிலாளர் உடனே வரிசையில் நிற்கவில்லை. முதலாண்டுகளில் வந்தோர் சிலரே. படுக்கையிலிருந்து எழுந்து மீண்டும் சுரங்கத்தில் இறங்கிய தோழரைக் கண்ட பின்னரே எண்ணிக்கை உயர்ந்தது.

இரு நிறுவனங்களின் அறிவிப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. ஒன்று வாழ்க்கைத்துணையைச் சேர்த்தது; மற்றது தொடக்கத்தில் தொழிலாளியோடு நின்றது. சுரங்கத்தில் தொற்றுப் பெற்ற ஆண் ஊர் திரும்பி மனைவிக்கு நோயைக் கொடுக்கிறான் என்ற கதையையே அறிவுறுத்தல்கள் நம்பின. மார்க் லூரி முதலியோர் குவாசூலு-நேட்டால் ஊர்ப்புறங்களில் கணவன் மனைவி இருவரையும் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இருவருள் ஒருவர் மட்டுமே தொற்றுடையவராக இருந்த இணைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் தொற்றுடையவர் மனைவியே. அவ்விணைகளின் ஆண்களுள் பலர் கார்ல்டன்வில் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள். ஆண்டில் சில வாரங்களே கணவனைக் காணும் அப்பெண்களும் பிரிவின் விளைவுகளுக்கு உட்பட்டே வாழ்ந்தனர். ஆனால் அவர்தம் ஊர்களில் நிறுவன மருத்துவமனை இல்லை. சுவரொட்டி ஒட்ட நிறுவனச் சுவரும் இல்லை.